தேயிலைச் சாயம் ஏறிய படை

லுணுகலை
2025 பெப்ரவரி 6

வாஹித் முதலாளி அவர்களுக்கு,

கந்தப்பன் சொல்ல, மருமகள் பாக்கியலெட்சுமி எழுதுவது. போனில் பேசிவிடலாம் என்று பேரன் துஷாந்த் சொன்னான். எனக்குக் காது சரியில்லை. நீங்கள் ஒன்று சொல்ல, அது எனக்கு வேறு மாதிரி விழ, நான் வைவேன். எழுத்து என்றால் மருமகள் வசவை வடிகட்டிவிடுவாள்.

கலவர வருஷத்தில் உங்கள் கடையில் கொடுத்துவைத்த தந்தச் சதுரங்கப் பெட்டியைப் போன மாதம் துஷாந்த் பதுளைக்கு வந்து வாங்கிவந்தான். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலம் முழுக்க அதை வைக்க எனக்கு இடம் இருக்கவில்லை. கூரை ஒழுகும், எலி ஓடும், எண்பத்து மூன்றில் ஆட்கள் தீப்பந்தத்தோடும் வந்தார்கள். இப்போது மகனுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. பூட்டுப் போடுகிற அலுமாரி இருக்கிறது. சாகும்வரை என் சொத்து என் கண் முன்னால் இருக்கட்டும் என்றுதான் கேட்டனுப்பினேன்.

பெட்டியைத் திறந்து அடுக்கினோம். வெள்ளைப் படை அப்படியே இருந்தது. தொப்பி போட்ட கும்பினி ஆபிசர், யானை, ஒட்டகம், குதிரை, கொத்தளம் எல்லாம் சரி. மற்றப் பக்கத்தை எடுத்தால் சிவப்பைக் காணவில்லை. என் நாட்டு ராஜா படை வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருக்கும். உங்களுக்குத் தெரியாததா? கண்ணில் பூ விழுந்ததால் எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று மருமகளைக் கேட்டேன்.

“செவப்பு எங்கங்க மாமா? இது பிளேன்டீ கலர்ல இருக்கு” என்றாள்.

துஷாந்த் வேலை செய்யும் பண்டாரவளை ஹோட்டலுக்குப் பழைய சாமான் பற்றித் தெரிந்த ஒரு பெரியவர் வந்து போவார். அவரை வீட்டுக்கே கூட்டிவந்தான். கண்ணாடிச் சில்லு வைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இது தேயிலைச் சாயம் என்றார். புதுத் தந்தத்தைத் தேயிலையில் ஊறப் போட்டால் நூறு வருஷத்துச் சாமான் மாதிரிக் காட்டுமாம். கள்ளச் சாமான் செய்கிறவர்கள் முதலில் படிப்பதே அந்த வித்தையைத்தானாம். “ஒரு படை அசல். மத்தது யாரோ மாத்தி வெச்சது” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி உங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் இருக்கவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். என் சிவப்புப் படை எங்கே? அதை நீங்கள் யாருக்குக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, திருப்பி எடுத்துத் தாருங்கள். இந்தப் பழுப்புப் படை எனக்கு வேண்டாம். துஷாந்த் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

கந்தப்பன்
(கைநாட்டு)

மாமா சொன்னதில் இரண்டு சொல்லை நான் எழுதவில்லை. மன்னிக்க வேண்டும். — பாக்கியலெட்சுமி


பதுளை
2025 பெப்ரவரி 11

திரு. கந்தப்பன் அவர்களுக்கு,

கடிதமும் படையும் கிடைத்தன. துஷாந்த் கடை வாசலிலேயே நின்றான். கதிரை போட்டும் உட்காரவில்லை. “தாத்தா ஒண்ணும் குடிக்க வேணாம்னாரு” என்றான். நாற்பது வருஷமாக நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டில் உங்கள் பேரன் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கு மேல் கடிதத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

என் வாப்பா மொஹிதீன் இந்தப் பழைய சாமான் கடையைத் தொடங்கியபோது எனக்கு ஒன்று சொல்லித் தந்தார். வாங்கிய சாமான் வேறு, விற்கிற சாமான் வேறு, கொடுத்துவைத்த சாமான் வேறு. முதல் இரண்டிலும் வியாபாரி பொய் சொல்லக்கூடும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான். மூன்றாவது அமானிதம். அதில் கை வைத்தவனுக்கு மறுமையில் வாய் திறக்க இடமில்லை.

உங்கள் பெட்டியைக் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? கொழும்பிலிருந்து வந்தார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் ஒரு வாரம் பதுளையில் தங்கித் தினமும் வந்தார். தந்தத்தை வாங்குவதும் விற்பதும் சட்டச் சிக்கல் என்று அவருக்குச் சொன்னேன். “அது எங்கட சாமானும் இல்ல” என்றும் சொன்னேன். அவர் முதலாவதை நம்பினார், இரண்டாவதை நம்பவில்லை. ஒரு தோட்டத்துச் சமையல்கார அப்புவிடம் இப்படி ஒரு சாமான் எப்படி இருக்கும் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உங்கள் கால் முறியுமுன் நீங்கள் கடைசியாக வந்து ஆடிய நாளிலிருந்து அந்தப் பெட்டியை என் வீட்டில் ஒருவரும் திறக்கவில்லை. வல்லாஹி. அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதுவரை வியாபாரத்துக்காக ஒருநாளும் நான் ஆணையிட்டதில்லை.

உங்கள் பண்டாரவளைப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கள்ளன் ஏன் ஒரு படையை மட்டும் எடுத்தான்? பாதிச் சதுரங்கத்தை எவன் வாங்குவான்?

என் மகன் றுஷ்திக்கு வந்த கோபத்தில் படையை உடனே லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனான். நான் தடுத்துவிட்டேன். மேசையில் துணி விரித்து வைத்திருக்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

எம். வாஹித்

இன்னொன்று. ராஜா ஒருதரம் குதிரை மாதிரிப் பாயலாம் என்று நீங்கள் சொல்லுகிற சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இத்தனை காலம் உங்கள் வயதுக்காக விட்டுக்கொடுத்தேன்.


லுணுகலை
2025 பெப்ரவரி 17

வாஹித் முதலாளிக்கு,

ராஜா பாய்வது எங்கள் பெரிய கங்காணி சொல்லித் தந்த நாட்டுச் சட்டம். திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறி வந்த சட்டம். புத்தகத்தைப் பார்த்து விளையாடுகிறவர்களுக்கு அது எங்கே தெரியும்? அதை இப்போது இழுக்க வேண்டாம்.

நீங்கள் ஆணையிட்டதை மருமகள் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். மூன்றாம் தரம் வேண்டாம் என்றேன். உங்களை எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்ததும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றாக நிற்கமாட்டேன் என்கின்றன. இரவில் புரண்டு படுத்தால் அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் பழுப்பு யானை.

அந்தப் படை எனக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவைக்கச் சொல்கிறேன். மருமகளும் முழுதாகக் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்துக் கடைசி வெள்ளைத் துரையின் பாட்டனார் வங்காளத்தில் அவுரித் தோட்டம் வைத்திருந்தவர். அங்கே கங்கைக்கரையில் பஹரம்பூர் என்ற ஊரில் தந்தம் செதுக்குகிறவர்களிடம் சொல்லிச் செய்வித்தார். அவுரி நொடித்துப் போனதும் குடும்பம் தேயிலைக்கு இங்கே வந்தது. பெட்டியும் வந்தது. நான் பங்களாவில் சமையலுக்குப் போன நாளிலிருந்து, மாலையில் கணப்பு மூட்டியதும் காய்களை அடுக்குவது என் வேலை. துரைக்கு விளையாட ஆள் கிடையாது. தனக்குத் தானே இரண்டு பக்கமும் விளையாடுவார். ஒவ்வொரு நாளும் வெள்ளைப் படைதான் ஜெயிக்கும்! ஒரே மனுஷன் இரண்டு கையாலும் ஆடியும் நாட்டு ராஜா ஒருநாள் கூடத் தப்பவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஆட்டம் வந்தது. அந்தச் சிவப்பு ராஜாவுக்காகத்தான் படித்தேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம் துரை கிளம்பும்போது பெட்டியை என் கையில் வைத்தார். “நீ இதைத் துடைத்த அளவு நான் விளையாடவில்லை, கந்தப்பன்” என்றார். அந்த மனுஷன் சொன்னதில் எனக்குப் பிடித்த பேச்சு அது ஒன்றுதான்.

அதனால் ஒவ்வொரு காயும் என் விரலுக்குத் தெரியும். கேளுங்கள். அடையாளங்களை நான் சொல்லமாட்டேன். சொன்னால், இருக்கிறது என்று நீங்கள் எழுதிவிடலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் நீங்களும் ஆட்டம் தெரிந்தவர்கள். உங்களிடம் இருக்கும் பழுப்புப் படையை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதுங்கள். எது முக்கியம், எது இல்லை என்று யோசிக்க வேண்டாம். கேட்டதும் அது என் படையா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கந்தப்பன்
(கைநாட்டு)

வாஹித் நானா, மாமா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சீக்கிரம் எழுதுங்கள். — பாக்கியம்


பதுளை
2025 பெப்ரவரி 23

கந்தப்பண்ணனுக்கு,

“திரு” என்று தொடங்கத்தான் நினைத்தேன். பாக்கியம் எழுதியதைப் பார்த்தபின் பேனா ஓடவில்லை.

நீங்கள் சொன்னபடி, காலையில் கடை திறக்குமுன் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷம் எதிர்ப்பக்கமிருந்து பார்த்த படையை முதல்தரம் கையில் எடுத்துப் பார்த்தேன். விளையாடும்போது எவன் யானையின் முகத்தைப் பார்க்கிறான்?

ராஜா அம்பாரிக்குள் சம்மணமிட்டு இருக்கிறார். அம்பாரிக் குடையின் ஓரம் ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. பிடித்து நகர்த்திய விரலின் தேய்மானமாக இருக்கும். முன்னால் பாகன். பாகனுக்கு மூக்கில்லை. மந்திரியின் யானை கொஞ்சம் சின்னது, துதிக்கையை வலப்பக்கம் சுருட்டி வைத்திருக்கிறது. யானையின் வயிற்றுக்கடியில் தந்தத்தின் இயற்கைக் கோடு வலைபோல் ஓடுகிறது. எலும்பில் அப்படி வராது, புள்ளி புள்ளியாகத் துளை தெரியும். ஆக, இது தந்தம்தான், அதில் பண்டாரவளைப் பெரியவருக்கும் சண்டையில்லை.

ஒட்டகக்காரன் ஒருவனுக்கு வாய் திறந்திருக்கிறது. பாடுகிறானோ, வைகிறானோ. குதிரை ஒன்றின் கடிவாளம் உடைந்து, நடுவில் ஒரு நூலளவு மிச்சம். கொத்தளங்களின் கொடி இரண்டும் இருக்கிறது.

சிப்பாய்கள். எல்லாருக்கும் தலைப்பாகை, தோளில் ஈட்டி. எல்லா ஈட்டியும் பழுப்பு. ஒருவனுடையது மட்டும் இல்லை. அவன் ஈட்டி கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருக்கிறது, முள்ளம்பன்றி முள் மாதிரி. அதில் சாயம் பிடிக்கவே இல்லை. விளையாடிய காலத்தில் இதை நான் பார்த்ததாக ஞாபகமில்லை. இதையும் எழுதவேண்டுமா என்று யோசித்தேன். றுஷ்தி எழுத வேண்டாம் என்றான். “வாப்பா, இத எழுதினா ‘பாத்தியா, போலி’ண்டு சொல்லுவாரு அவரு” என்றான். எனக்கும் அந்தப் பயம்தான். பார்த்ததை எல்லாம் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு யோசனை ஓடியது. எங்கள் வாப்பாவிடம் முன்பு வேறொரு தந்தக் காய் தொகுதி வந்தது, அதுவும் இந்தியச் சாமான். அதில் முகமே கிடையாது. ராஜா ஒரு பெரிய குமிழ், மந்திரி கொஞ்சம் சின்னக் குமிழ், சிப்பாய் மல்லிகை மொட்டு. உருவம் செதுக்குவது எங்களில் பலருக்கு ஆகாது என்பதால் முஸ்லிம் வீடுகளுக்கு அப்படிக் கடைந்து கொடுத்தார்களாம். பஹரம்பூர்க்காரர்களும் நவாபின் அரண்மனைக்கு வேலை செய்து வாழ்ந்தவர்கள்தான். நவாப் போய்க் கும்பினி வந்ததும், கும்பினிக்காரன் கேட்டபடி யானையும் ஒட்டகமும் தொப்பிக்காரனுமாகச் செதுக்கத் தொடங்கினார்கள் என்று றுஷ்தி போனில் தேடி வாசித்தான். யோசித்துப் பாருங்கள். செதுக்குகிறவன் தன் நாட்டு ராஜா தோற்பதற்காக ஒரு படையைச் செதுக்கி, அவரை அரக்கில் சிவப்பாக்கி, ஜெயித்தவனிடமே கொடுத்திருக்கிறான். ஆனால் செதுக்கியதில் குறை வைக்கவில்லை. தோற்கிற யானைக்கும் ஒவ்வொரு நகமாகச் செதுக்கியிருக்கிறான்.

என் மனைவி றஷீதா மவுத்தாகும் வரைக்கும் இந்தப் படையோடு அவளுக்கு வழக்கு. உங்களுக்கு ஞாபகமிருக்கும். “மூஞ்சி இரிக்கிற சாமான் ஊட்டுக்குள்ள இரிந்தா மலக்குமார் வரமாட்டாங்கண்ணே” என்பாள். “ஒங்க மலக்குமாருக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன் தங்கச்சி, நீங்க அந்தத் தேத்தண்ணியக் கொண்டாங்க” என்பீர்கள். அவள் துணியில் சுற்றிக் குசினிப் பரணில் வைத்தாள். வானத்து மலக்குமாரும் வந்தார்கள், பெட்டியும் இருந்தது.

நான் எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். இனி உங்கள் தீர்ப்பு.

வாஹித்


லுணுகலை
2025 பெப்ரவரி 28

வாஹித் நானா,

அது என் படை.

உங்கள் கடிதத்தை மருமகள் வாசிக்க வாசிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காயையும் நினைப்பிலேயே விரலால் தொட்டுக்கொண்டே போனேன். மூக்கில்லாத பாகன் சரி. சுருட்டிய துதிக்கை சரி. அப்போதும் மனசு, ‘பார்த்து அதே மாதிரிச் செய்திருக்கலாமே’ என்று முரண்டு பிடித்தது. சிப்பாயின் ஈட்டி வந்ததும், “நிறுத்து” என்றேன். பாக்கியம் பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தாள்.

அந்த ஈட்டியைத் துரையின் நாய் கடித்துத் துப்பியது. துரை என்னைப் பார்த்தார், நான் நாயைப் பார்த்தேன். தோட்டத்து எல்லையில் முள்ளம்பன்றி முள் கிடைக்கும். அளவு பார்த்து வெட்டிச் செருகி, துரையின் மேசையிலிருந்த சிவப்பு மையைத் தடவி வைத்தேன். துரை கண்ணாடி போட்டுத் தேடியும் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் இல்லை. எதிராளிக்கு என் சிப்பாயின் பலவீனம் எதற்கு? மை போனால்தான் முள் தெரியும். அந்தப் படை மை போகக் கழுவப்பட்டிருக்கிறது. மாற்றப்படவில்லை.

நான் உங்களைக் கள்ளன் என்று சொன்னேன். நேரில் சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னது என்று ஆகியிருக்கும். உட்கார்ந்து, யோசித்து, அடுத்தவள் கையால் எழுதுவித்துச் சொன்னேன். என் பேரனை உங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் நிற்கவைத்தேன். அதற்கு என்ன சொல்வது என்று மூன்று நாளாகத் தேடுகிறேன். “மன்னிச்சிருங்கன்னு எழுதட்டுமா மாமா?” என்கிறாள் இவள். எழுது என்றேன். போதாது என்றும் எழுது என்றேன்.

படை தானாக எழுந்து போய்க் குளித்துவிட்டுத் தேயிலையில் புரண்டு வந்து படுத்திருக்காது. யாரோ செய்திருக்கிறார்கள். ஆனால் நானா, ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாரையும் விசாரிக்க வேண்டாம். என் படை என்னிடம் இருந்திருக்கிறது, எனக்கு அது போதும். நோன்பு வருகிறது. நிம்மதியாக நோன்பு பிடியுங்கள்.

கந்தப்பன்
(கைநாட்டு)


பதுளை
2025 மார்ச் 12

கந்தப்பண்ணே,

விசாரிக்க வேண்டாம் என்று எழுதினீர்கள். நான் விசாரிக்கவில்லை. தானாக வந்தது.

மகள் முஹ்ஸினா பண்டாரவளையிலிருந்து நோன்பு துறக்க வந்திருந்தாள். கஞ்சி குடித்துவிட்டு, எல்லாம் நல்லபடி முடிந்ததே என்ற சந்தோஷத்தில், நம் சண்டையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். நீங்கள் வைததை, முள்ளம்பன்றி முள்ளை, நான் ஆணையிட்டதை. அவள் சிரிக்கவில்லை.

“வாப்பா, நீங்க அப்பிடிச் சத்தியம் செஞ்சிரிக்கக் கூடா” என்றாள்.

“ஏன் மகள்?”

“அந்தப் பெட்டிய உம்மா தொறந்த. நானும் பக்கத்தில இரிந்த.”

நீங்கள் பொங்கலுக்கு வந்து, பேரனுக்குக் காட்ட இரண்டு நாள் பெட்டியை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தீர்களே, கால் முறிவதற்கு முன்னால், அந்த வருஷம். பரணிலிருந்து இறக்கித் திறந்தபோது புகையும் பூஞ்சணமும் படிந்திருந்ததாம். “அமானிதத்த அழுக்காவா திருப்பிக் குடுக்கிற? கந்தப்பண்ணே மொகத்தில எப்பிடி முழிக்கிற?” என்று றஷீதா சொன்னாளாம். அவளுக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான். பித்தளைச் சாமானுக்குச் செய்கிற மாதிரி சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் கரைத்துப் பேசினில் ஊறப் போட்டிருக்கிறாள். வெள்ளைப் படை பளிச்சென்று வந்தது. மற்றப் படையைப் போட்டாள். திரும்பிப் பார்த்தால் கோழி அறுத்த தண்ணீர் மாதிரிப் பேசின் முழுக்கச் சிவப்பு. இரண்டு படையும் வெள்ளை.

முஹ்ஸினா சொல்கிறாள், உம்மா அப்படி அழுததை அவள் பார்த்ததே இல்லையாம். ஒரு ராஜா எது, மற்ற ராஜா எது என்று நிறம் பார்த்து ஆடவேண்டிய சாமானில் நிறமே போய்விட்டது. எங்கள் பெண்கள் பழைய ரேந்தைப் பின்னல் துணிக்கு நிறம் ஏற்றுவது தேயிலையில்தான். அதைச் செய்தாள். நீங்கள் வரும்போதெல்லாம் கொண்டுவந்து தருவீர்களே, தோட்டத்துத் தூள், அதைத்தான் கொதிக்கவைத்து ஊறப் போட்டாள். கடைத் தூள் நிறம் பிடிக்காதென்று சொன்னாளாம். காய்ந்தபின் துணியில் சுற்றிவைத்து, “கந்தப்பண்ணே வந்தா நானே சொல்ற. நீ வாய் தொறக்காதே” என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வரவில்லை. கால் முறிந்தது. பிறகு கொரோனா. பிறகு அவள் போய்விட்டாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன். “நீங்க அமானிதம் அமானிதம்ண்டு பேசுற பேச்சில உம்மாக்குப் பயம் வாப்பா” என்றாள்.

அண்ணே, இப்போது மூன்று காரியம். நான் பொய்யாணை இட்டிருக்கிறேன், தெரியாமல். அதற்கு நான் நோன்பும் தவ்பா என்ற பாவமன்னிப்பும் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது, கொழும்பில் அரக்குச் சாயம் ஏற்றத் தெரிந்த ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். எவ்வளவு ஆனாலும் உங்கள் படையைப் பழையபடி சிவப்பாக்கித் தருவது என் பொறுப்பு.

மூன்றாவதுதான் பெரிது. எங்களில் ஒருவர் மவுத்தானால், அவர் யாருக்காவது குறை வைத்திருந்தால், அந்த ஆள் வாயால் ‘பொருந்திக்கொண்டேன்’ என்று சொல்லவேண்டும். அல்லாஹ் தனக்குச் செய்த குறையைத் தான் மன்னிப்பான். மனுஷனுக்குச் செய்த குறையை அந்த மனுஷன்தான் பொருந்தவேண்டும். அதுவரை இறந்தவர் கணக்குத் தீராமல் நிற்கவேண்டும். ஜனாஸா எடுத்த அன்று வாசலில் நின்று, “இவங்க யாருக்காவது கொற வெச்சிரிந்தா பொருந்திக்கங்க” என்று வந்திருந்த சிலரைப் பார்த்துக் கேட்டேன். எல்லாரும் பொருந்தினோம் என்றார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. ஊரடங்கு. நாலு வருஷமாக அவள் அங்கே நின்றுகொண்டிருக்கிறாளோ என்று நினைக்கும்போது தொழுகையில் என் நெஞ்சு நிற்கவில்லை.

உங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. பொருந்த மனமில்லை என்றாலும் அது உங்கள் உரிமை. கேட்பது என் கடமை.

வாஹித்


லுணுகலை
2025 மார்ச் 19

வாஹித் நானா,

இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லையும் வடிகட்ட வேண்டாம், சொல்லச் சொல்ல அப்படியே எழுது என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

போன கடிதத்தில் யாரையும் விசாரிக்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? எனக்கு அப்போதே கொஞ்சம் பிடிபட்டது. உங்கள் வீட்டில் ஒரு சாமானைக் கழுவித் துடைத்து வைக்கிற கை ஒன்றே ஒன்றுதான். இல்லாத மனுஷியை எதற்கு இழுப்பது என்று விட்டேன். அவர் பயந்திருந்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது. என்னை நினைத்து ஒரு மனுஷி பயந்திருக்கிறார். அதுவும் ‘உங்க ராஜா இன்னைக்காவது தப்பிச்சாராண்ணே?’ என்று திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கேலி செய்த மனுஷி. அதைக் கேட்டபிறகு என் கோபம் எல்லாம் என் மேலேயே விழுந்துவிட்டது. கால் முறிந்தவன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம். பெட்டி அங்கேயே கிடக்கட்டும் தங்கச்சி, அவசரமில்லை என்று. சொல்லியிருந்தால் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கமாட்டார்.

கொழும்பில் ஆள் தேட வேண்டாம். பஹரம்பூரில் அரக்குக் காய்ச்சியவன் கும்பினிக்காரன் கேட்டான் என்று சிவப்பு ஏற்றினான். எனக்கும் அந்தச் சிவப்புக்கும் என்ன உறவு? துடைத்தேன், அவ்வளவுதான். இந்தச் சாயம் எனக்காக ஏற்றியது. என் முகத்தில் விழிக்கவேண்டுமே என்று ஒருவர் அழுதுகொண்டே, நான் கொண்டுவந்த தூளையே கொதிக்கவைத்து ஏற்றியது. பண்டாரவளைப் பெரியவர் இன்னொரு தடவை வந்தால், இது அசல் என்று நான் அவருக்குச் சொல்வேன். என்ன அசல் என்று கேட்டால் சொல்லமாட்டேன்.

உங்கள் முறைப்படி எப்படிச் சொல்லவேண்டும், எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாது. முஹ்ஸினாவிடம் போன் போட்டுக் கேட்கலாம் என்றாள் பாக்கியம். கேட்டுச் சொன்னால் அது முஹ்ஸினா சொன்னதாகிவிடும். நான் வெளியே வந்து, பதுளை எந்தப் பக்கம் என்று கேட்டு, மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, என் வாயால் சொன்னேன். றஷீதா தங்கச்சி, நான் பொருந்திக்கொண்டேன். எனக்கு நீங்கள் வைத்த குறை ஒன்றுமில்லை. நான் வைத்த குறையை நீங்கள் பொருந்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பார்த்தார்கள், பார்க்கட்டும். நானா, இந்தச் சொல் எழுத்தில் இருந்தால் செல்லுமா, நேரில்தான் சொல்லவேண்டுமா என்று உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள். நேரில்தான் என்றால் பெருநாள் முடிந்ததும் மகன் முச்சக்கர வண்டி பிடிப்பான். அவர் படுத்திருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போங்கள். உள்ளே விடமாட்டார்கள் என்றால் மதிலுக்கு வெளியில் நின்று சத்தமாகச் சொல்கிறேன். எனக்குக் காதுதான் சரியில்லை, தொண்டை நன்றாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு வெள்ளைப் படையும் வருகிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து உங்கள் வீட்டில் வையுங்கள். முன்பு பயத்தில் கொடுத்துவைத்தேன். இப்போது பயமில்லை, இருந்தும் கொடுத்துவைக்கிறேன். அமானிதம். திறந்து பார்க்கவும், அழுக்குப் பட்டால் கழுவவும், உங்கள் வீட்டில் எல்லாருக்கும் உரிமை உண்டு.

கந்தப்பன்
(கைநாட்டு)